காயமடைந்து ஊர் திரும்பிய ராணுவ நாய் கையாளுநருக்கு: விளையாட்டின் வழியாக வாழ்வை மீண்டும் அமைத்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

கண்ணிவெடி இருக்கக்கூடிய பாதையில் படையணி நகரும்போது மோப்ப நாயும் அதைக் கையாளும் வீரரும்தான் முன்னால் நடக்கிறார்கள். மற்றவர்கள் இடைவெளி விட்டு அவர்களுக்குப் பின்னால் வருகிறார்கள். ஆகவே, நாயின் மூக்குக்குத் தப்பிய ஒரு வெடி வெடித்தால் அதை முதலில் தாங்குவது அந்த இருவருடைய உடல்தான். முழங்காலுக்குக் கீழே கால் போகிறது, செவிப்பறை கிழிகிறது, கண்ணில் சிதறல் பாய்கிறது, சிலருக்கு முதுகுத்தண்டு அடிபடுகிறது. காலோடு நாயையும் இழந்தவராகவோ, உயிரோடிருக்கும் நாயைப் படைப்பிரிவிலேயே விட்டுவிட்டு வந்தவராகவோ அந்த வீரர் ஈரோட்டுக்கோ, தாராபுரத்துக்கோ, கோபிசெட்டிபாளையத்துக்கோ திரும்பி வருகிறார்.

அப்படிக் கொங்குப் பகுதிக்குத் திரும்பியவருக்காகவும் அவருடைய வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன். இதன் அடிப்படை எண்ணம் ஒன்றுதான்: நாயைப் பழக்கிய முறையிலேயே உங்கள் உடலையும் பழக்கலாம். குறுகிய நேரப் பயிற்சி, ஒரு வேளைக்கு ஒரே ஒரு புதிய பாடம், சரியாகச் செய்த நொடியிலேயே பாராட்டு, நன்றாகச் செய்த ஒன்றோடு அன்றைய பயிற்சியை நிறுத்துவது, தினமும் உடல் முழுவதும் தடவிப் பார்த்துப் புண் இருக்கிறதா என்று தேடுவது, எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதுவது ஆகிய அனைத்தையும் நீங்கள் ஏற்கெனவே கற்றுத் தேர்ந்திருக்கிறீர்கள். பயிற்சியாளர்கள் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தும் பலருக்கு வராத ஒழுங்கு அது.

காயமுற்ற படைவீரர்களிடமிருந்துதான் இந்த விளையாட்டுகளே தொடங்கின. 1948 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர், முதுகுத்தண்டு காயமுற்ற முன்னாள் வீரர்கள் 16 பேரை வைத்து நடத்திய வில்வித்தைப் போட்டியே பாராலிம்பிக்கின் தொடக்கம். 1965 போரில் குண்டடிபட்ட நம் நாட்டு வீரர் முரளிகாந்த் பெட்கர் 1972இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றார். 2002இல் கண்ணிவெடியில் இடது காலை இழந்த நாகாலாந்து வீரர் ஹோகாட்டோ செமா, முப்பது வயதைத் தாண்டிய பிறகே குண்டு எறிதலைத் தொடங்கி, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் 14.65 மீட்டர் எறிந்து வெண்கலம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 40. காயம்பட்டுப் பத்தாண்டுகள் போய்விட்டனவே என்று எண்ணுகிறவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி: படையை விட்டு வருவதற்கு முன்

வெளியேற்ற மருத்துவக் குழுவின் தாளில் கையெழுத்திடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டு அறிய வேண்டும்: குறைந்த மருத்துவத் தரத்தோடு பணியிலேயே தொடர வாய்ப்பு இருக்கிறதா? இருந்தால் அவசரப்பட்டு அதை விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. புனே கிர்க்கியில் ராணுவத்தின் பாராலிம்பிக் பயிற்சி மையம் செயல்படுகிறது. ஹோகாட்டோ செமாவை உருவாக்கியது அந்த மையம்தான். சம்பளம், உணவு, தங்குமிடம், பயிற்சியாளர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் அத்தகைய சூழலை ஊருக்கு வந்த பிறகு சொந்தச் செலவில் உருவாக்குவது மிகக் கடினம். படைப்பிரிவின் வழியாகவே இதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

மத்திய ரிசர்வ் போலீஸ் படையினருக்குப் பாதை வேறு. காயமுற்ற வீரர்களுக்குக் கணினிப் பயிற்சியும் விளையாட்டுப் பயிற்சியும் அளிக்கும் மையம் ஒன்றை அந்தப் படை 2020 முதல் ஐதராபாத்தில் நடத்துகிறது. கோவை துடியலூர்ப் பக்கம் அதே படையின் மத்தியப் பயிற்சிக் கல்லூரி இருப்பதால், விசாரிப்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

வெளியேறும்போது காயம் நேர்ந்த சூழலைக் குறிப்பிடும் அறிக்கை, மருத்துவக் குழுவின் முடிவு, அறுவைச் சிகிச்சைக் குறிப்புகள், எக்ஸ்ரே படங்கள் ஆகியவற்றின் நகல்களைக் கையோடு எடுத்து வாருங்கள். ஓய்வூதியத்துக்கு மட்டுமல்லாமல், பின்னாளில் விளையாட்டு வகைப்பாட்டுக்கும் (காயத்தின் தன்மைப்படி போட்டிப் பிரிவை முடிவு செய்வதற்கும்) இதே தாள்கள்தான் தேவைப்படும்.

இரண்டாம் படி: ஊரில் முடிக்க வேண்டிய பதிவுகள்

முன்னாள் ராணுவத்தினர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டு, 2003 முதல் நடைமுறையில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட அட்டையையும் பெற வேண்டும். துணை ராணுவப் படையினருக்கு இந்த மருத்துவத் திட்டம் பொருந்தாது. தங்களுக்குரிய திட்டம் எது என்பதை அவர்கள் தங்கள் படையிலேயே கேட்டு அறிய வேண்டும்.

அடுத்து, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை. ராணுவ மருத்துவக் குழு கொடுத்த சதவீதம் இருக்கிறதே, இது எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு விதிகளின்படி கணக்கிடப்படுபவை. 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான சலுகைகளுக்கும், மாநில அளவிலான போட்டிகளில் பதிவு செய்வதற்கும் இந்த அட்டையே கேட்கப்படுகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் பரிசோதனை முடித்துப் பெறலாம்.

மூன்றாம் படி: எஞ்சிய காலைப் பேணுவது

அவசரப்படுகிறவர்கள் தவறுவது இந்தப் படியில்தான். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அறுவைக்குப் பிறகு எஞ்சிய காலின் சுற்றளவு பல மாதங்களுக்குக் குறைந்துகொண்டே வரும். முதல் சாக்கெட் (செயற்கைக் காலில் எஞ்சிய கால் பொருந்தும் கிண்ணம் போன்ற பகுதி) சில மாதங்களில் தளர்ந்துபோவதற்குக் காரணம் இதுதான். அது தயாரித்தவரின் பிழை என்று எண்ண வேண்டாம். தளர்வுக்கேற்ப எஞ்சிய காலில் அணியும் துணியுறைகளைக் கூட்டிப் போட்டு, அதற்கும் மேல் தளர்ந்தால் புதிய அளவு எடுக்க வேண்டும். படைவீரர்களுக்கான செயற்கை உறுப்பு மையம் 1944 முதல் புனேயில் இயங்குகிறது. கோவையிலிருந்து திருப்பூர், ஈரோடு, சேலம் வழியாகப் போகும் குர்லா எக்ஸ்பிரஸ் புனேயில் நிற்பதால், நம் பகுதியினர் வண்டி மாறாமல் போய் வரலாம்.

முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர்கள் படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது. வலி குறைவதுபோல் தோன்றினாலும், மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். பிறகு செயற்கைக் காலில் நேராக நிற்க இயலாது. தொடையளவில் கால் இழந்தவர்கள் தினமும் சிறிது நேரம் குப்புறப் படுத்து இடுப்பை நேராக்கிக்கொள்வது அவசியம். எஞ்சிய காலைக் காலையில் கழுவாமல் இரவில் கழுவுங்கள். ஈரத்தில் தோல் ஊறியிருக்கும்போது சாக்கெட்டுக்குள் நுழைத்தால் புண்ணாகும். கழற்றியவுடன் ஒரு கைக்கண்ணாடியால் பின்பக்கத்தையும் பாருங்கள். அழுந்திய இடத்தின் சிவப்பு இருபது நிமிடத்துக்குள் மறையவில்லை என்றால், மறுநாள் அந்தச் செயற்கைக் காலை அணியக் கூடாது. நாயின் பாதத்தில் முள் இருக்கிறதா என்று ஒவ்வொரு விரலிடுக்கிலும் தேடிய அதே கண்ணால் இதையும் தேடுங்கள்.

மாசி பிறந்தது முதல் ஈரோடு, கரூர் பக்கத்து வெயில் சாக்கெட்டுக்குள் வியர்வையைத் தேக்கும். லைனரை (சாக்கெட்டுக்குள் தோலை ஒட்டி அணியும் மெத்தென்ற உறையை) நடுவில் கழற்றித் துடைத்து மீண்டும் அணிவதற்குப் பயிற்சி நேரத்திலேயே இடம் வையுங்கள். பயிற்சியை விடியற்காலைக்கு மாற்றுவது அதைவிட நல்லது.

இல்லாத காலில் வலிப்பது மனப்பிரமை அன்று. நரம்புகளும் மூளையும் சேர்ந்து உண்டாக்கும் உண்மையான வலி அது. இருக்கும் காலைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இரு கால்களையும் அசைப்பதாக எண்ணிச் செய்யும் பயிற்சி சிலருக்குப் பெரிதும் உதவுகிறது. மருந்துகளும் உள்ளன. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

முதுகுத்தண்டு காயமுற்றவர்களுக்கு விதிகள் வேறு. சக்கர நாற்காலியில் பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை உடலைத் தூக்கி, அழுத்தம் விழும் இடத்தை மாற்ற வேண்டும். மார்பளவிலோ அதற்கு மேலோ காயமுற்றவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்ப்பதில்லை என்பதால் வெயிலில் உடல் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறும். தண்ணீர் தெளிப்பான் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கோவையில் விபத்துச் சிகிச்சைக்கும் முதுகுத்தண்டுச் சிகிச்சைக்கும் பெயர்பெற்ற கங்கா மருத்துவமனை இருப்பது நம் பகுதிக்கு ஒரு பேறு. ஆலோசனை பெறாமல் எந்தப் பயிற்சியையும் தொடங்கக் கூடாது.

நான்காம் படி: சத்தம், தூக்கம், நாயின் நினைவு

கொங்குக் கிராமங்களில் கல்குவாரி வெடியும் கோயில் நோன்பில் போடும் அதிர்வேட்டும் அன்றாட வாழ்வின் பகுதிகள். வெடியில் காயமுற்றவருக்கு அவை ஒவ்வொன்றும் உடலை உலுக்கும். குவாரியில் வெடி வைக்கும் நேரத்தை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே தெரிந்த சத்தம் பாதிதான் வலிக்கும். தூக்கமின்மை, திடீர்க் கோபம், எதிலும் பிடிப்பின்மை ஆகியவை பல வாரம் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416க்குத் தமிழிலேயே பேசலாம்.

நாயைப் பற்றி வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். "போனது நாய்தானே கண்ணு, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்று பெரியவர்கள் ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் அவரை மேலும் தனிமைப்படுத்துகிறது. 2023 செப்டம்பரில் ரஜௌரியில் நடந்த மோதலில் கென்ட் என்ற ராணுவ லாப்ரடார் தன்னைக் கையாண்ட வீரரைக் காத்து உயிரிழந்தது. அதன் உடலைத் தேசியக்கொடி போர்த்தி ராணுவம் வழியனுப்பியது. படையே அவ்வாறு மதிக்கும் ஓர் உயிரை வீட்டில் பெயர் சொல்லிப் பேச அவருக்கு இடம் வேண்டும். படம் இருந்தால் சுவரில் மாட்டுங்கள்.

நாய் உயிரோடிருந்தால் அதன் பணிக்காலம் முடியும்போது தத்தெடுக்க விரும்புவதாகப் படைப்பிரிவுக்கு இப்போதே எழுதிவையுங்கள். வந்த பிறகு, செயற்கைக் காலில் நடை உறுதிப்படும் வரை அதன் கயிற்றை உங்கள் இடுப்பிலோ மணிக்கட்டிலோ கட்டிக்கொள்ளக் கூடாது. ஒரே ஒரு திடீர் இழுப்பு பல மாத முன்னேற்றத்தைக் கெடுத்துவிடும்.

நாய் பழக்கும் கலை ஊரிலும் வாழ்வாதாரமாகும். காங்கயம், தாராபுரம் பக்கத்தில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது பெரும் துயரமாக இருக்கிறது. பட்டிக்காவல் நாயை ஆட்டோடு ஆடாகப் பழக்கித் தரத் தெரிந்தவருக்கு அங்கே நிச்சயம் மதிப்பு இருக்கும். உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலையும் அதில் நிறைய உண்டு.

ஐந்தாம் படி: விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது

நம் பகுதியில் பெரும்பாலோர்க்குத் தெரிந்த பெயர் மாரியப்பன் தங்கவேலு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்து, 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், அடுத்த இரண்டு பாராலிம்பிக்குகளில் வெள்ளியும் வெண்கலமும் பெற்றவர். அவரைப் பார்த்து உயரம் தாண்டுதலுக்கே எல்லோரும் போக வேண்டியதில்லை. உங்கள் காயத்துக்கும், பயிற்சி கிடைக்கும் தொலைவுக்கும், உங்கள் இயல்புக்கும் பொருந்துவதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்து, செயற்கைக் காலோடு நின்று போட்டியிடுகிறவர் டி 64 அல்லது எஃப் 64 பிரிவில் வருவார் (டி என்பது ஓட்டத்தையும் தாண்டுதலையும், எஃப் என்பது எறிதலையும் குறிக்கும்). முழங்காலுக்கு மேலே என்றால் 63. கால் இழந்தவர்களும் முதுகுத்தண்டு காயமுற்றவர்களும் உட்கார்ந்து எறியும் பிரிவுகள் எஃப் 51 முதல் எஃப் 57 வரை. நின்று எறியும்போது எஞ்சிய கால் தொடர்ந்து புண்ணாகிறவருக்கு எஃப் 57 நல்ல வழி. பாதத்தின் ஒரு பகுதியை மட்டும் இழந்தவர்கள் குறைந்தபட்ச அளவுகோலை எட்டாமல் போகலாம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். செவித்திறன் மட்டும் போனவர்களுக்குப் பாராலிம்பிக்கில் இடமில்லை. நன்றாகக் கேட்கும் காதிலும் 55 டெசிபெல் இழப்பு இருந்தால் செவித்திறன் குறைந்தோருக்கான டெஃப்லிம்பிக்ஸில் பங்கேற்கலாம்.

பார்வை முற்றிலும் இழந்தவர் டி 11 பிரிவில் ஓடும்போது, துணை ஓட்டக்காரரோடு ஒரு சிறு கயிற்றால் இணைக்கப்படுகிறார். கயிற்றின் இறுக்கத்திலும் தளர்விலும் பேசிக்கொள்ளும் மொழியை ஆண்டுக்கணக்கில் பழகியவர் நாய் கையாளுநர். இப்போது அந்தக் கயிற்றின் மறுமுனையில் நிற்கிறார். இதைவிடப் பொருத்தமான விளையாட்டை அவருக்கு என்னால் சொல்ல முடியவில்லை.

காற்றின் திசையைத் தோலால் உணர்ந்து நாயை வேலைக்கு விட்டவருக்கு வில்வித்தையும் துப்பாக்கி சுடுதலும் இயல்பாக வரும். ஆனால் கருவிகளின் விலை அதிகம். கோவை கூடைப்பந்தில் நீண்ட மரபுள்ள ஊர், பி.எஸ்.ஜி. கோப்பைப் போட்டியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து எளிதில் பிடிக்கும். கூடையின் உயரம் அதே 3.05 மீட்டர்தான். வீட்டில் செயற்கைக் காலோடு நடக்கிறவரும் அதில் ஆடலாம். நாயோடு இருவராகவே வேலை செய்து பழகியவர் தனியே மைதானத்தில் நின்றால் விரைவில் சோர்ந்துபோவார் என்பதால், குழு விளையாட்டையோ, கூடவே வரும் ஒரு துணைவரையோ முதலிலேயே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஓடுவதற்கான கார்பன் பிளேடை (வளைந்த தகடு வடிவச் செயற்கைப் பாதத்தை) முதல் ஆண்டிலேயே கடன் வாங்கி வாங்க வேண்டாம். சாக்கெட் அளவு நிலைபெறும் முன் செய்யும் அந்தச் செலவு வீணாகும்.

ஆறாம் படி: எறிநாற்காலியும் முதல் சில மாதங்களும்

உட்கார்ந்து இரும்புக்குண்டு எறிவதை இங்கே விரிவாக எடுத்துக்கொள்கிறேன். குறைந்த செலவில் ஊரிலேயே தொடங்கக்கூடியது இதுதான்.

எறிநாற்காலியை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. பம்பும் உதிரிபாகமும் செய்யும் கோவைப் பட்டறைகளில் ஒரு நல்ல வெல்டர் இதை எளிதில் செய்து தருவார். அவரிடம் சொல்ல வேண்டிய அளவுகள்: மெத்தையையும் சேர்த்து இருக்கையின் உயரம் 75 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இருக்கை சதுரமாகவோ செவ்வகமாகவோ, ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 30 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். எறியாத கை பிடித்துக்கொள்ளும் செங்குத்துக் கம்பி வளையாததாக, வில்போல் உந்தித் தராததாக இருக்க வேண்டும். முழு நாற்காலியும் 2.135 மீட்டர் விட்டமுள்ள எறிவட்டத்துக்குள் அடங்க வேண்டும். தரையில் கட்டி இறுக்குவதற்கு நான்கு மூலையிலும் வளையம் வையுங்கள். தொடையையும் இடுப்பையும் கட்டும் நாடா இழுபடாததாக இருக்க வேண்டும். திருப்பூரில் கேட்கும்போது எலாஸ்டிக் கலக்காத நெய்த நாடா என்று தெளிவாகச் சொல்லுங்கள். விதிகள் அவ்வப்போது மாறுவதால், பட்டறைக்குப் போகும் முன் நடப்பாண்டின் விதிப்புத்தகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் மாதத்தில் குண்டைத் தொடவே வேண்டாம். கம்பியைப் பிடித்து உடலைத் திருப்பி நிமிர்வதை மட்டும் பழகுங்கள். எறியும் விசையின் பெரும்பகுதி கையிலிருந்து வருவதில்லை. இடுப்பும் முதுகும் சுழல்வதாலும், மறுகை கம்பியை இழுப்பதாலும் வருவது அது. இரண்டாம் மாதத்தில் மருத்துவப் பந்து எனப்படும் எடையேற்றிய பயிற்சிப் பந்தில் இலேசான ஒன்று, அது சீரானதும் இலேசான குண்டு, பிறகுதான் உங்கள் பிரிவுக்குரிய எடை. வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாளைக்கு அரைமணி நேரம் போதும். எறிவதற்குச் சமமாகத் தோள்பட்டையின் பின்தசைகளை வலுப்படுத்தும் இழுவைப் பயிற்சிகளும் வேண்டும். சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவர்களுக்குத் தோள் தேய்வதே பெரிய இடர். எறியும்போது இருக்கையிலிருந்து பிட்டம் எழும்பினால் அந்த எறிதல் செல்லாது. பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்துக் கைபேசியில் படம் பிடித்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

கோவை நேரு விளையாட்டரங்கம், சேலம் மகாத்மா காந்தி விளையாட்டரங்கம், ஈரோடு வ.உ.சி. பூங்கா விளையாட்டரங்கம் ஆகியவற்றில் மாவட்ட விளையாட்டு அலுவலரை நேரில் பார்த்துப் பயிற்சிக்கு அனுமதி பெறலாம். போகும்போது கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழைகிறதா, வண்டியிலிருந்து எறிவட்டம் வரை படியில்லாத வழி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். அது சலுகை அன்று. சட்டம் தந்த உரிமை.

ஏழாம் படி: வகைப்பாடும் முதல் போட்டியும்

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பழகிக்கொள்ள அது ஏற்ற இடம். அதற்கு மேல் போக விரும்பினால் மாநிலப் பாராலிம்பிக் சங்கத்தில் பதிவு செய்து, மாநிலப் போட்டியின் வழியாகத் தேசியப் போட்டிக்குப் போக வேண்டும்.

அங்கே வகைப்பாட்டுக் குழு உங்களைப் பரிசோதிக்கும். படையிலிருந்து கொண்டுவந்த மருத்துவத் தாள்கள் அப்போதுதான் பயன்படும். குழுவின் முன் வலிமையைக் குறைத்துக் காட்ட ஒருபோதும் முயலாதீர்கள். போட்டியின்போதும் உங்களைக் கவனிப்பார்கள்; வேண்டுமென்றே ஏமாற்றியதாகத் தெரிந்தால் பல ஆண்டுகள் தடை விழும். கிடைத்த பிரிவு தவறு என்று கருதினால், முறைப்படி மறுபரிசீலனை கோர வழி இருக்கிறது.

உட்கார்ந்து எறியும் போட்டியில் ஒருவர் தம் எறிதல்களை அடுத்தடுத்து முடித்துவிட்டே இறங்குவார். நாற்காலியைத் தரையில் கட்டுவதற்கும் உடலைக் கட்டிக்கொள்வதற்கும் தரப்படும் நேரம் மிகக் குறைவு. ஆகவே கட்டுவதையும் அவிழ்ப்பதையும் கடிகாரம் வைத்து வீட்டிலேயே உங்கள் துணைவரோடு பலமுறை ஒத்திகை பாருங்கள். ரயில் பயணச் சலுகை அட்டையை ஒரு மாதம் முன்பே வாங்கிவையுங்கள். மாற்று லைனர் ஒன்று, உறைகள், கைக்கண்ணாடி, உதிரி நாடா ஆகியவற்றைத் தனிப் பையில் வைத்து, அந்தப் பையை எக்காரணம் கொண்டும் பெரிய சுமையோடு சேர்க்காமல் கைவசமே வைத்துக்கொள்ளுங்கள். போட்டி முடிந்து திரும்பியதும் மூன்று நாள் எறிய வேண்டாம். எஞ்சிய காலின் சுற்றளவை அளந்து, எறிந்த தொலைவுகளோடு சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, நான்காம் நாள் மீண்டும் மருத்துவப் பந்திலிருந்து தொடங்குங்கள்.